பிரேமினியின் வெள்ளை அட்டை

என் தங்கை பிரேமினி என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பதில் தெரியாமல் இல்லை. பதில் சொன்னதும் கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "கம்ப்யூட்டருக்கு நெறம் பாக்கச் சொல்லிக் குடுக்குறா" என்பேன். "அதுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி, டீச்சர்? எங்க வீட்டு வாண்டே செவப்பு, பச்சைன்னு கரெக்டா சொல்லுதே" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தேய்ந்த தொண்டை, கடைவாசலிலும் தேய வேண்டுமா? அதனால் போன வருஷம் நடந்த கூத்தோடு சேர்த்து ஒரேயடியாக எழுதிவைத்துவிடுகிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ராசம்மாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. விடியற்காலையில் முதல் ஆளாகப் போய்க் கூட்டித் துடைத்து வைப்பது அவள் பொறுப்பு. அந்த ஒற்றை ஆளின் உழைப்பில்தான் நான் டீச்சராகி, கல்யாணமாகி, அடுத்த லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீடுகளின் அடுத்த வரிசைக்குக் குடிபோனேன். பிரேமினி கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

இந்த நிறப் பைத்தியம் அவளுக்குப் பிடித்ததே என் கல்யாணத்தின்போதுதான். ஹட்டனில் ஒரு கடையில் கூறைச் சேலைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி எடுத்தோம். டியூப் லைட்டின் கீழே இரண்டும் ஒரே அரக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பையைத் திறந்தால் ஒன்று அரக்கு, மற்றது கத்தரிப்பூ. நான் கடைக்காரனை ஒரு பிடி பிடிக்கத் திரும்பி ஓடினேன். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த இவளோ துணியைக் கையில் பிடித்தபடி கடை வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தாள். "அக்கா, துணி மாறல. வெளிச்சந்தான் மாறுது" என்றாள், கடைக்காரன் காதில் விழும்படி. அவன் அதையே பிடித்துக்கொண்டான். "தங்கச்சியே சொல்லிட்டாங்களே" என்று துணியை மாற்றித் தரவே இல்லை. கத்தரிப்பூ ஜாக்கெட்டோடுதான் என் கழுத்தில் தாலி ஏறியது. இன்றைக்கும் அந்த ஆல்பத்தைத் திறந்தால் எனக்கு வயிறு எரியும்.

அவள் சொன்னது என்னவோ சரிதான். மஞ்சள் பல்பின் கீழே வெள்ளை வேட்டியைப் பார்த்தாலும் நாம் வெள்ளை என்றுதான் சொல்கிறோம். அந்த நேரம் வேட்டியிலிருந்து கண்ணுக்கு வருவது மஞ்சள் வெளிச்சம். மூளை பல்பின் மஞ்சளைத் தானாகவே கழித்துவிட்டு, மிச்சத்தை நமக்குக் காட்டுகிறது. கேமராவுக்கு அந்தத் தாராள மனசு கிடையாது. மஞ்சளாக வந்தால் மஞ்சள், அவ்வளவுதான். அதனால் படத்துக்குள் ஒரு வெள்ளை அட்டையை வைத்து, "இது வெள்ளை. உனக்கு மஞ்சளாகத் தெரிந்தால் அந்த மஞ்சளை முழுப் படத்திலிருந்தும் கழித்துவிடு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரேமினியின் ஆராய்ச்சி மொத்தமும் இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது.

அவள் அதைச் செய்து பார்க்க எடுத்துக்கொண்ட இடம் அம்மா வேலை செய்கிற ஃபெக்டரி. அரைத்த கொழுந்தைத் தட்டில் பரப்பினால் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு நிறத்துக்குத் திரும்பும். சரியான செம்பு வந்ததும் அடுப்புக்கு அனுப்ப வேண்டும். பிந்தினால் தேயிலை கறுத்துப்போகும். அந்த நேரத்தைச் சொல்லுகிறவர் டீமேக்கர் பிரதாப் ஐயா. கம்ப்யூட்டரும் அதே நேரத்தைச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. தட்டுக்கு மேலே உத்தரத்தில் மஞ்சள் பல்பும் கேமராவும், தட்டின் விளிம்பில் வெள்ளை அட்டை, பக்கத்தில் 'யாரும் தொட வேண்டாம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு போர்டு. சனிக்கிழமை ரயிலில் வந்து, அந்த வாரத்துப் படங்களை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவாள். தை மாதக் கடைசியில் ஒரு குழுவுக்கு முன்னால் முடிவுகளைக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் ஆராய்ச்சி தொடரும். வராவிட்டால் உதவித்தொகை நிற்கும், ஆராய்ச்சியும் நிற்கும். இன்னொரு தடவை என்ற பேச்சே இல்லை என்று முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

புரட்டாசி வரைக்கும் கம்ப்யூட்டரும் பிரதாப் ஐயாவும் ஒன்றுபோலச் சொன்னார்கள். பிரேமினி தரையில் கால் பாவாமல் திரிந்தாள். ஆயுத பூசை முடிந்து வந்த சனிக்கிழமைதான் முதல் கோணல். செம்பு நிறம் வந்த பிறகும் கம்ப்யூட்டர் 'இன்னும் இல்லை' என்றது. அடுத்த வாரம் இன்னும் மோசம். அதற்கடுத்த வாரம் அதைவிட மோசம். பிரதாப் ஐயா சும்மா இருப்பாரா?

"ஒங்க பொட்டிய நம்புனா தேயில கரியாப் போயிரும் தங்கச்சி. அதுக்கு முதல்ல கண்ணாஸ்பத்திரியப் பாருங்க" என்றார், நாலு பேர் சிரிக்கும்படி.

அவள் பல்பை மாற்றினாள். கேமராவை மாற்றினாள். எழுதிய ப்ரோக்ராமைக் கலைத்து முதலிலிருந்து எழுதினாள். தலைகீழாக நின்று பார்த்தும் பிழை குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள், ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல், "கழுத, அழுதா கேமரா சரியாயிருமா? தின்னுட்டு அழு" என்று திட்டினேன். அம்மா எழுந்தாள். சாமி விளக்கின் முன்னால் போய் நின்றாள். "செவ்வாக்கெழமயும் வேண்டிக்கிறேன் ஆத்தா" என்று மட்டும் கேட்டது. அம்மா வேண்டிக்கொள்ளாத நாள் ஏது என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிழையைக் கோடாக வரைந்து பார்த்தபோது பிரேமினிக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அது சரிவாக ஏறவில்லை, படிக்கட்டாக ஏறியது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு படி. மறு வெள்ளி வரைக்கும் சமமாகப் போகும், பிறகு இன்னொரு படி. பிந்திய வாரங்களில் செவ்வாய்க்கிழமையிலும் ஒரு படி. வெள்ளிக்கிழமை ஃபெக்டரியில் என்ன விசேஷம்? ரோதமுனிக்குப் பூசை. ரோதைகளை, அதாவது மெஷின் சக்கரங்களைக் காக்கிற முனி அவர். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மெஷின்களுக்கெல்லாம் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். சூடப் புகையாக இருக்குமோ என்று பார்த்தாள். புகை அடங்கியும் பிழை அடங்கவில்லை. கரண்டாக இருக்குமோ என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். கரண்டிலும் குறை இல்லை.

அவளுக்கு வழிகாட்டுகிற கிருஷாந்தன் சார் யாழ்ப்பாணத்துக்காரர். போனில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "பிரேமினி, உது கரண்டுப் பிரச்சினை இல்லை. ஆரோ கை வைக்கினம் போல கிடக்கு. ஆரெண்டு பாரும்."

யார் என்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் லைட்டையும் மெஷினையும் போடுகிறவர் பிரதாப் ஐயா. மெஷின் வந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று வெளிப்படையாகவே பேசியவரும் அவர்தான். நானும் அவரைத்தான் நினைத்தேன். அம்மாவுக்கோ சந்தேகமே இல்லை. "அந்த மனுசன் வெளங்குவானா? எம்புள்ள கண்ணீருக்குப் பதில் சொல்லாமப் போவானா?" என்று வாசலில் நின்று அவர் வீட்டுப் பக்கம் பார்த்துச் சாபமிட்டாள். அந்தச் சனிக்கிழமையே பிரேமினி தொழிலாளிகளுக்கு முன்னால் அவரிடம் நேராகக் கேட்டுவிட்டாள்.

"வெள்ளிக்கெழம என்னோட கேமராவ என்னங்க செய்றீங்க?"

பிரதாப் ஐயாவின் முகம் சிறுத்துப்போனது. "நா இந்த ஃபெக்டரிக்கு வந்தப்ப நீங்க பொறக்கவே இல்ல. ஒங்கம்மா மொகத்துக்காக எடம் குடுத்தேன். எனக்கு இதும் வேணும், இன்னமும் வேணும்" என்று சொல்லிவிட்டு நேரே தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவுக்குப் போனார். அன்று பின்னேரமே பதில் வந்தது. மாதம் முடிவதற்குள் கேமராவைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். நான் துரையிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத் தேநீர் கொடுத்து, மரியாதையாகவே சிங்களத்தில் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கழற்றப் போன அன்று நானும் கூடப் போனேன். மார்கழிக் குளிர். பிரேமினி ஏணியில் ஏறி கேமராவை இறக்க, நான் தட்டு விளிம்பிலிருந்த அட்டையைத் திருகிக் கழற்றினேன். ஒரு மூலையில் பிரதாப் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.  சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளிவாசலுக்கு வந்தபோது மூடுபனி விலகி, வானம் வெள்ளையாக இருந்தது. கையிலிருந்த அட்டையை அப்போதுதான் பார்த்தேன்.

"இது என்னடி, இப்பிடி மஞ்சளாக் கெடக்கு?"

"லைட்டு அப்பிடிக்கா" என்றாள் பழக்கத்தில். இரண்டு எட்டு நடந்தவள் நின்றாள். நாங்கள் வெளியில் நிற்கிறோம், இங்கே ஏது பல்பு? அட்டையைப் பிடுங்கினாள். பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தாள். கிருஷாந்தன் சார் இரண்டாகக் கொடுத்ததில் உறை பிரிக்காதது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். ஒன்று வெள்ளை. மற்றதின் நடுவில் கை அகலத்துக்கு மஞ்சள் பாய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் லேசாகச் சந்தன வாசம்.

"வெள்ளிக்கெழம" என்றாள். அட்டையை இன்னொரு தரம் முகர்ந்து, "செவ்வாக்கெழம" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே முகம்தான் கண்முன் வந்தது.

அட்டை மஞ்சளாகிப்போனது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதை வெள்ளை என்று நம்பி, கறையின் மஞ்சளையும் வெளிச்சத்தின் மஞ்சள் என்று எண்ணி, முழுப் படத்திலிருந்தும் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. கொழுந்தில் செம்பு ஏற ஏற, இது கழித்துத் தள்ளியிருக்கிறது. கழித்த படத்தில் அட்டை எப்போதும் வெள்ளையாகவே தெரியும், அதனால் படத்தைப் பார்த்தும் பிடிபடவில்லை. நேரில் பார்த்த எங்களுக்கும் தெரியவில்லை. அந்த மஞ்சள் பல்பின் கீழே எங்கள் கண்ணும் தாராளமாகக் கழித்துவிட்டு, வெள்ளை என்று காட்டியிருக்கிறது.

பிரேமினி ஃபெக்டரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நா இதத்தான்க்கா ஆராய்ச்சி பண்றேன்" என்றாள். "இதையேதான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அம்மாவை அப்போதே போய் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். பிரேமினி என் கையைப் பிடித்தாள். "நீ வாயத் தொறந்தின்னா நா இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது." முதலில் பிரதாப் ஐயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். யார் செய்தது என்று சொல்லவில்லை, அவர் செய்யவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். "சரி. ஆனா துரகிட்ட போயி திருப்பி வைக்கச் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை, அதனால் அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

குழுவுக்கு முன்னால் நிற்க ஒரு மாதம் இருந்தது. எடுத்த படங்கள் கையில் இருந்தன. ஒவ்வொரு வாரமும் அட்டையில் எவ்வளவு மஞ்சள் ஏறியிருந்தது என்று தெரிந்தால், அந்த அளவைத் திருப்பிக் கூட்டி படங்களைச் சரிசெய்துவிடலாம் என்றாள் பிரேமினி. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது: புது அட்டைக்கு அதே மஞ்சளை, அதே கை, அதே மாதிரி வைத்து, அதே மாதிரி துடைக்க வேண்டும். ஒவ்வொரு துடைப்புக்கும் பிறகு ஒரு படம் எடுக்க வேண்டும். கடைசிப் படத்தைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டால் சரியா பிழையா என்று தெரிந்துவிடும்.

அம்மாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். "ம்மா, மெஷினுக்கு வைக்கிற மாதிரி என்னோட அட்டைக்கும் பொட்டு வச்சா நல்லதா?"

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நா ஆயுத பூசையில இருந்தே வைக்கிறேன்டி. எல்லா மெஷினும் பொட்டோட இருக்கு, எம்புள்ளயோடது மட்டும் மொட்டையா நிக்கிது. மனசு கேக்கல. கேமரா ஒசரத்துல இருக்கு, கை எட்டல. அதான் அட்டைக்கு. ஒனக்குப் புடிக்காதேன்னு சூடம் காட்டுனதும் ஆளுக வர்றதுக்குள்ள ஈரத்துணியால நல்லாத் தொடச்சிருவேன். தூசிகூடப் படக் கூடாதுன்னியே." குரலைத் தாழ்த்தி, "நீ அழுத பெறகு செவ்வாக்கெழமயும் வச்சேன்" என்றாள். நான் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

மறுநாள் அடுப்படி ஜன்னலைச் சாக்கால் மறைத்தோம். ஃபெக்டரியிலிருந்து கொண்டுவந்த அதே பல்பைத் தொங்கவிட்டோம். ஷெல்ஃபின் மேலே கேமரா, கீழே புது அட்டை, பக்கத்தில் பழையது. அம்மா குளித்து, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். மஞ்சளும் சந்தனமும் குழைத்து, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்து, நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்தாள். குங்குமம் வைத்தாள். சூடம் காட்டினாள். துடைத்தாள். பிரேமினி படம் எடுத்தாள்.

"பொட்டோட எடுடி. அப்பதானே லெச்சணமா இருக்கும்."

"தொடச்ச பெறகு எடுத்தாப் போதும்மா."

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவையும் அப்படியே. அம்மா அட்டையைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த பழைய அட்டையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பழைய அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் சாக்கை ஒரு ஓரமாகத் தூக்கினாள். வெளியே இருந்து வந்த வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தபடி நின்றாள். 

"அப்ப... அந்த மனுசன் இல்லியா?" என்று கேட்டாள்.

பிரேமினி கேமராவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வாய் வரவில்லை. அத்தனை நாளாகக் கத்தத் துடித்துக்கொண்டிருந்த வாய் அது.

அம்மா சாக்கை இறக்கிவிட்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் எத்தன வாட்டி வைக்கணும்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா."

"மஞ்சளக் கொண்டா."

குழைத்தாள், வைத்தாள், துடைத்தாள். அன்று இருட்டும்வரை அப்படியே செய்தாள். முன்பு எப்படித் துடைத்தாளோ அதே அழுத்தத்தில், எதையும் கூட்டாமல் குறைக்காமல் துடைத்தாள். முணுமுணுக்கிற உதடு மட்டும் இப்போது அசையவில்லை. கடைசியில் இரண்டு அட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே மஞ்சளாக இருந்தன. மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பிரதாப் ஐயா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

படங்கள் பெரும்பாலும் சரியாகின. குழுவில் ஒருவர், "ஒரு அட்டையைக்கூடச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாதா?" என்று கேட்டாராம். "என் கவனக்குறைவு" என்று மட்டும் பிரேமினி சொன்னாளாம். கிருஷாந்தன் சார் தலையைக் குனிந்துகொண்டாராம். இன்னொரு வருஷத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வேறு ஃபெக்டரி தேட வேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பொட்டுக்காக ஒரு வருஷம். நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பிரேமினி ரயிலுக்குக் கிளம்பினாள். வழக்கமாக அம்மா ஓடிவந்து, வேண்டாம் என்றாலும் விடாமல், நெற்றியில் திருநீறு இழுத்துக் குங்குமமும் வைத்துத்தான் அனுப்புவாள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் எங்களைக் கேட்டுச் செய்தவள் இல்லை. அன்றைக்குத் திருநீற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்தவள் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"வைக்கலாமாடி? ஒண்ணும் ஆகாதே?"

பிரேமினி பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். அம்மா ஒரு விரலால், பட்டும் படாமல் வைத்தாள். வைத்த கையோடு முந்தானையை எடுத்து அதைத் துடைக்கப் போனாள். பிரேமினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ரயில் வந்துவிடும் என்று நான் வாசலில் நின்று கத்தினேன். இரண்டு பேரும் நகரவில்லை.